கரண்டி நனையாத அளவு

ஹில்கெ டியர்க்ஸ் வீட்டில் எதுவும் பட்டினி கிடந்ததில்லை. கடலோரத்து ரீசும் ஊரில் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள். அவள் வேலியோரம் வந்துபோகும் பூனைகளுக்கு இப்போதெல்லாம் வேலி தாண்டுவதே பெரும்பாடு. ஜன்னலில் வைத்த ஜெரேனியச் செடிகள் கொழுத்துப்போய்க் கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டு நிற்கும். அவள் வீட்டுக்குக் கடிதம் இருந்தால் தபால்காரன் அன்று காலையில் தன் வீட்டில் சாப்பிடாமல் கிளம்புவான்.

ஐம்பதைத் தாண்டியவள். அகன்ற தோள், கடல் காற்றோடு போட்டி போட்டுப் பெருத்த குரல். ஒரு வெள்ளை வேனில் சந்தை சந்தையாகப் போய் மீன் விற்கிறாள். உப்பில் ஊறிய ஹெரிங் மீனை முள் நீக்கி, பிளந்த ரொட்டிக்குள் வைத்து, மேலே வெங்காயத்தை அள்ளிப் போட்டு நீட்டுவாள். வாங்குகிறவர் பர்ஸைத் திறப்பதற்குள், "காத்துல நிக்கிற, இன்னும் கொஞ்சம் வெங்காயம் வச்சுக்க" என்று இன்னொரு கை விழும். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் ரொட்டியிலும் வெங்காயம் இருந்தது.

தேநீர் விஷயத்தில் ஊரே அப்படித்தான். கோப்பையில் முதலில் கற்கண்டு. கொதிக்கும் தேநீர் மேலே விழுந்து அது 'படக்'கென்று விரிசல் விட்ட பிறகுதான் வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். அப்புறம் ஓரமாக ஒரு துளி பாலாடை. அது அடிவரை போய்ச் சின்ன மேகமாக மேலே வரும். அதைக் கலக்கக் கூடாது. கலக்குவது செருப்புக் காலோடு கட்டிலில் ஏறுவது மாதிரி. மேலே பால், நடுவில் கசப்பு, அடியில் இனிப்பு. மூன்று கோப்பைக்கு முன் எழுந்தால் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். அதற்கு மேல் போதும் என்றால் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்துவிடுவார்கள். கரண்டி உள்ளே போகாதவரை கோப்பை நிரம்பிக்கொண்டே இருக்கும். வந்தவருக்கு ஊற்றியதை எந்த வீட்டிலும் சொல்லிக்காட்டவும் மாட்டார்கள்.

ஹில்கெயின் முதல் கணவன் எய்லர்ட் பல வருடம் முன்பு ஒரு மழைநாளில் பெட்டியோடு வாசலில் நின்று, "உன் கவனிப்புல எனக்கு மூச்சு முட்டுது ஹில்கெ" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு நெஞ்சுச் சளி என்றுதான் அவள் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். மார்பில் தடவும் தைலம் ஒரு டப்பா வாங்கி அவனுடைய புது விலாசத்துக்கு அனுப்பியும் வைத்தாள்.

பிறகு ஹாபோ வந்தான்.

எம்டன் துறைமுகத்துக்காரன். ஊர்தான் எம்டன், ஆள் எம்டன் இல்லை. அந்தப் பட்டத்துக்கு உரியவள் வேனுக்குள் கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள். ஆற்று முகத்துவாரத்தில் தூர்வாரும் கப்பலில் ஹாபோவுக்கு வேலை. ஒரு வாரம் தண்ணீரில், ஒரு வாரம் கரையில். கரையில் இருக்கும் வாரம் சந்தைக்கு வருவான். வரிசையில் நின்று, முறை வந்ததும், "ஒண்ணு" என்பான். சாப்பிட்டுவிட்டுப் போவான். கோடை முழுக்க அந்த ஒரு சொல்தான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. இலையுதிர் காலத்தில் ஒருநாள், "ரெண்டு" என்றான்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"உனக்கு."

வேனுக்குள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த டோம்கெ கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஹில்கெயின் கூட்டாளி அவள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக இருப்பவள், வாயை மூடத் தெரியாதவள். "ஏண்டி ஹில்கெ, ஒரு மனுஷன் மூணு மாசமா சேத்து வச்ச பேச்சை ஒரே நாள்ல கொட்டிட்டாரே, பதில் சொல்லுடி!"

ஹில்கெ அவன் ரொட்டியில் வெங்காயத்தை இரண்டு மடங்காக வைத்தாள்.

அடுத்த வசந்தத்தில் அவன் ரீசுமுக்குக் குடிவந்தான். இரண்டு பை துணி, கப்பல் சமையலறையிலிருந்து எப்படியோ அவன் பையோடு வந்துவிட்ட ஒரு எவர்சில்வர் கரண்டி, ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு டஜன் கவசக் கெளுத்தி மீன்கள். எம்டன் வீட்டை மட்டும் காலி செய்யவில்லை. "பாப்போம்" என்றான். அந்த வீட்டுச் சாவி அவனுடைய சாவிக்கொத்தில் மற்றவற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மேஜையில் கொத்தை வைக்கும்போதெல்லாம் அது எது என்று ஹில்கெயின் கண் தேடாமலே கண்டுகொள்ளும்.

தொட்டியைச் சமையலறையில், தேநீர் மேஜைக்கு எதிரே வைத்தார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். தகடு தகடாக அடுக்கிய உடம்பு, வாயோரம் குட்டை மீசை. நீந்தும் நேரம் குறைவு, மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கும்பலாக மேயும் நேரம்தான் அதிகம். வாயால் அள்ளிய மணல் செவுள் வழியாகப் புகைபோல் வெளியே வரும். தேநீரில் எழும் பாலாடை மேகம் மாதிரியே இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போதே அவளுக்கு அவற்றின்மேல் ஒட்டுதல் வந்துவிட்டது. ஒருநாள் அவற்றில் ஒன்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தது.

"ஹாபோ! உன் மீன் என்னைப் பாத்துக் கண்ணடிக்குது!"

"எல்லாரையும் பாத்து அடிக்கும்."

"நீ மட்டும் அடிக்காத."

அவன் அடித்தான்.

மணல் மாவுபோல் மென்மையாக இருக்க வேண்டும், கூர்மையான கல் இருந்தால் மீசை தேய்ந்து புண்ணாகும் என்று அவன் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். மேலே மிதக்கும் தீனி இவற்றுக்குப் பயன்படாது, அடியில் போய் உட்காரும் வில்லைகள்தான் போட வேண்டும். மிச்சம் மீதி தின்று பிழைத்துக்கொள்ளும் என்று கடைக்காரர்கள் சொல்வது வெறும் பேச்சு. இதைக் கேட்டதும் ஹில்கெ கொதித்தாள். "மிச்சம் மீதியா? என் வீட்லயா?"

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. மணலில் மேய்ந்துகொண்டிருக்கும் மீன் திடீரென்று அம்புபோல் மேலே பாய்ந்து, நீர்ப்பரப்பை மூக்கால் தொட்டு, அதே வேகத்தில் அடிக்குத் திரும்பிவிடும். எதுவுமே நடக்காததுபோல மறுபடி மேயும்.

"அது ஏன் அப்படி ஓடி வருது?"

"அதுங்க பழக்கம்" என்றான் ஹாபோ. அதற்குமேல் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மேலே வந்து மூக்கை நீட்டுவது எதற்கு என்று அவளுக்கா தெரியாது? காலிக் கோப்பையை ஒருவர் மேஜை ஓரத்துக்கு நகர்த்தினால் எதற்கென்று புரியாத பெண் ரீசுமில் உண்டா?

முதல்முறை கப்பலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "வில்லை போடு. தண்ணியப் பாத்துக்க. நான் வர்ற அன்னிக்குக் கால்வாசி எடுத்துடு, வந்து புதுசு ஊத்துறேன்" என்றான். அவன் கணக்கில் அது பெரிய சொற்பொழிவு.

அவன் போனதும் ஹில்கெ மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தாள். விளிம்புக்கு ஒரு கையகலம் குறைவாக இருந்தது. தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டம் மறைத்ததால் இத்தனை நாள் அது வெளியே தெரியவில்லை. பரிமாறத் தெரியாத ஆண்பிள்ளை ஊற்றினால் இப்படித்தான், எதிலும் அரைக் கோப்பை. அவள் குடுவையில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, விரலை விட்டுப் பார்த்து, மெதுவாக ஊற்றினாள். கண்ணாடி மூடியின் அடிப்பக்கத்தை முத்தமிடும் அளவுக்கு ஊற்றினாள். வடிகட்டிக் குழாய் அதுவரை நீர்ப்பரப்பில் சலசலத்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் மூழ்கி ஓய்ந்தது. தொட்டிக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று அவளுக்கு நிம்மதி.

தினமும் ஊற்றினாள். ஆவியாகிக் குறைந்த கொஞ்சத்தையும் உடனுக்குடன் நிரப்பினாள். மீன்கள் மேலே வருவது கூடியது. கூடக்கூட இவளும் ஊற்றினாள். அவன் வரும் நாள் காலையில், சொன்னபடி கால்வாசியை எடுத்துவிட்டாள். அவன் வந்து புதுத் தண்ணீர் ஊற்றி, தன் அளவில் நிறுத்திக்கொண்டான். அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். ஊற்றியதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதையெல்லாம் யாராவது சொல்வார்களா?

ஆனால் அந்த வாரம் ஒரு மீன் செத்திருந்தது.

"வயசாயிருக்கும்" என்றான் ஹாபோ. அதைத் தோட்டத்தில் துலிப் பாத்தியில் புதைத்தான்.

அடுத்த முறை அவன் கப்பலில் இருந்தபோது இரண்டு. அதற்கடுத்த முறை மறுபடியும் இரண்டு. அவன் வீட்டில் இருக்கும் வாரங்களில் ஒன்றும் ஆகாது, மேய்ந்துகொண்டும் கண்ணடித்துக்கொண்டும் சௌக்கியமாக இருக்கும். சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரின் நிறம் பார்த்தான். மணலைத் தோண்டி முகர்ந்து பார்த்தான். வெப்பமானியை மாற்றினான். எல்லாம் சரியாகவே இருந்தது.

சந்தையில் செய்தி பரவிவிட்டது.

"உன்னைப் பிரிஞ்சு இருக்க முடியலையாம்" என்று டோம்கெ ஹாபோவிடம் சொன்னாள். "மீனே ஏங்கிச் சாகுது. நம்ம ஹில்கெ மட்டும் ஒரு கிலோ கூடத்தான் ஆயிருக்கா."

"வாயை மூடிட்டு வெங்காயத்தை நறுக்கு" என்றாள் ஹில்கெ.

"நான் சொல்றதக் கேளுடி. முப்பது வருஷமா நாம மீனை வெட்டுறோம். நம்ம கைக்கு வந்த எது உயிரோட திரும்பிப் போயிருக்கு? கைராசிடி, கைராசி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹில்கெயும் சிரித்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து எலுமிச்சை போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். துடைத்துவிட்டு முகர்ந்து பார்த்து மறுபடி கழுவினாள்.

ஹாபோ ஒரு நாளும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். கத்துவதில் அந்தக் கரையோரம் முழுவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, மிச்சமிருந்ததை எண்ணுவான். உதடு மட்டும் அசையும்.

ஜூனில் ஒரு காலை கப்பலுக்குக் கிளம்பும்போது சொன்னான். "பழைய வீட்ல இப்படி ஆனதில்ல."

ஹில்கெ காத்திருந்தாள்.

"வர்றப்ப பெட்டி கொண்டு வர்றேன். மீதி ஏழையாவது எம்டனுக்குக் கொண்டு போயிடலாம். வீட்டுக்காரரும் கேட்டுட்டே இருக்கார், இருக்கியா காலி பண்றியான்னு. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"மீனை மட்டுமா கொண்டு போற?"

அவன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தான். "மீனைத் தனியா விட முடியாதே."

வாசல் கதவு மூடியபின் ஹில்கெ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அவள் அழுகிற ரகம் இல்லை. எய்லர்ட் போன அன்று வேன் ஓட்டும் பள்ளியில் பேர் கொடுத்துவிட்டு வந்தவள். இந்த வாரம் ஒரு மீன்கூடச் சாகாது என்று தொட்டிக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். சாக விட மாட்டேன்.

அதனால் கவனிப்பை இரட்டிப்பாக்கினாள். வில்லைகளை உடைத்து, எல்லாவற்றுக்கும் எட்டும்படி பரப்பிப் போட்டாள். தின்னாமல் கிடந்ததை உடனே உறிஞ்சி எடுத்தாள். காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினாள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. மீன்கள் இப்போது ஓயாமல் மேலே வந்துகொண்டிருந்தன. 'இவ்வளவு கேக்குதே, பாவம்' என்று அவள் இன்னும் ஒரு குடுவை கொண்டுவந்தாள்.

புதன்கிழமை ஒன்று செத்துக் கிடந்தது.

வியாழன் காலை வீட்டுப் புகைபோக்கியைச் சோதிக்க ஆள் வந்தார். பழையவர் ஓய்வுபெற்றுவிட்டார், இவர் புதுசு. தெற்கே மலைப்பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அலோய்ஸ் நாக்லர் என்று பெயர் சொன்னார். தலைமுதல் கால்வரை கறுப்பு உடை, இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான். ஹில்கெ வாசலிலேயே அதில் ஒன்றைத் தொட்டுக்கொண்டாள். புகைபோக்கிக்காரரின் பொத்தான் அதிர்ஷ்டம். அந்த வாரம் அவளுக்கு எங்கிருந்து வந்தாலும் சரிதான்.

வேலை முடிந்ததும், "உக்காருங்க, தேத்தண்ணி" என்றாள்.

"எதுக்குங்க சிரமம்" என்றபடியே உட்கார்ந்தார். முதுகு தொட்டிப் பக்கம்.

கற்கண்டு விரிசல் விட்டது, மேகம் எழுந்தது, அந்த மனுஷன் கரண்டியை விட்டுக் கலக்கினார். ஹில்கெ கண்ணை மூடித் திறந்தாள். கலக்கிவிட்டு, நல்லபடி வளர்ந்தவராக, கரண்டியைத் தட்டில் ஓரமாக வைத்தார். ஊற்றியதை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவள் ஊற்றினாள். குடித்தார். ஊற்றினாள். மிச்சம் வைத்தால் வீட்டம்மா மனசு நோகும் என்று அவர் குடிக்க, கரண்டி வெளியே கிடப்பதால் இன்னும் வேண்டும்போல என்று இவள் ஊற்ற, கெண்டி காலியாகி இரண்டாவது கெண்டி வந்தது.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். நெற்றியில் வியர்வை.

"அப்ப இன்னும் கொஞ்சம்."

அவள் மனம் பேச்சில் இல்லை. மிச்சமிருக்கிற ஆறு மீன்களிடம் இருந்தது, நாளைக்கு வரப்போகிற பெட்டியிடம் இருந்தது. கை பாட்டுக்கு ஊற்றியது. கோப்பை நிறைந்து, விளிம்புக்கு மேலே தேநீர் புடைத்துக்கொண்டு நின்றது. அலோய்ஸ் அதை எடுக்கப் பார்த்தார். தொட்டால் சிந்தும். வேறு வழியில்லாமல் குனிந்து கோப்பையில் வாயை வைத்தார். தேநீர் அவர் மூக்குக்குள் போனது. புரையேறி, முகம் சிவந்து, மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தொங்க, நிமிர்ந்தார்.

"அம்மணி, கும்புடறனுங்க. இதுக்கு மேல ஊத்துனீங்கன்னா மூச்சு உடக்கூட எடமில்லீங்க."

அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு மீன் மணலிலிருந்து பாய்ந்து வந்தது. மூடிக் கண்ணாடியில் முட்டியது. டொக்.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றுதான் காதில் விழுந்தது. இன்னொன்று வந்தது. டொக். வாயைத் திறந்து எதையோ கவ்வப் பார்த்தது. கவ்வ அங்கே தண்ணீர்தான் இருந்தது. மேலே, கீழே, எல்லாப் பக்கமும் அவள் ஊற்றிய தண்ணீர்.

ஹில்கெ கெண்டியை மேஜையில் வைத்தாள். உன் கவனிப்புல எனக்கு மூச்சு முட்டுது. எய்லர்டுக்குச் சளி இல்லை.

அடுத்த கணம் மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டாள். குடுவையை முக்கி முக்கித் தண்ணீரை அள்ளிக் கழுவுதொட்டியில் கொட்டினாள். சட்டை நனைந்தது, தரை நனைந்தது, பாத்திரத் துணி மிதந்தது. அலோய்ஸ் எழுந்து நின்று, "ஏதாச்சும் நான் தப்பாச் சொல்லிட்டனுங்களா?" என்றார்.

"இல்ல, நீங்க சரியாச் சொன்னீங்க. இதுங்கதான் சொல்லத் தெரியாம முட்டிக்கிட்டு இருந்திருக்கு!"

"சரிங்க. பாத்ரூம் எங்கீங்க இருக்கு? ரொம்ப நேரமாக் கேக்கோணும்னு..."

"இடது பக்கம்! ஓடுங்க!"

தண்ணீர் இறங்கியது. வடிகட்டிக் குழாய் வெளியே தலைநீட்டி, இருமி, பழையபடி சலசலக்கத் தொடங்கியது. ஹில்கெ ஈரக் கையோடு முழங்காலிட்டுப் பார்த்தாள். ஒரு மீன் மேலே வந்தது. மூக்கு நீரைத் தாண்டி வெளியே தெரிந்தது. 'ப்ளப்' என்று ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே போய், செவுளோரம் ஒரு குமிழியை விட்டது. அடுத்தது வந்தது. அப்புறம் மற்றவை, ஒன்றன்பின் ஒன்றாக, ரொட்டி வரிசையில் நிற்கிற மாதிரி. ஆறும் வந்து போயின. முட்டும் சத்தம் ஒருமுறைகூட எழவில்லை.

அலோய்ஸ் முகத்தில் பெரும் சாந்தியோடு திரும்பி வந்தார். ஹில்கெ தரையில் உட்கார்ந்தபடியே அவரைத் திட்டினாள். "ஏங்க, கரண்டியைக் கோப்பைக்குள்ள வச்சிருந்தா நான் அப்பவே நிறுத்தியிருப்பேனே!"

"அத எனக்கு யாருங்க சொன்னாங்க?"

ஹில்கெ ஈரப் பாத்திரத் துணியைப் பிழிந்தாள்.

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள். "இங்க யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஹாபோ வந்தான். வாசலுக்கு வரும் செங்கல் பாதையில் அவன் நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கையில் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. நேரே பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிறான், மீனை எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸுக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் நடையிலேயே தெரிந்தது. ஹில்கெ தலைமுடியைச் சரி செய்துகொள்ளவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

அவன் பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றாமலே தொட்டிக்குப் போனான். உதடு அசைந்தது. ஆறு. மூடியைத் திறந்தான். இன்று கால்வாசி எடுக்கும் வேலை நடந்திருக்கவில்லை. ஆனாலும் தண்ணீர் விளிம்புக்குக் கையகலம் கீழே, அவனுடைய அளவிலேயே நின்றது. தொட்டி விளிம்பில் ஏதோ பளபளத்தது. அவன் தேநீருக்கு வைத்துக்கொள்ளும் கப்பல் கரண்டி. கைப்பிடியைக் கொக்கிபோல் வளைத்து விளிம்பில் மாட்டியிருந்தது. கிண்ணப் பகுதி தொட்டிக்குள் தொங்கியது, அதன் அடியிலிருந்து நீர்ப்பரப்புவரை ஒரு விரல்கடை இடைவெளி.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"கரண்டி நனையக் கூடாது" என்றாள் ஹில்கெ. "அதுதான் அளவு. நனைஞ்சா நிறுத்தணும்."

அவன் விரலால் கரண்டியைத் தொட்டான்.

"நான்தான். நீ போனதும் விளிம்புவரைக்கும் ஊத்தினேன். ஒவ்வொரு தடவையும். நீ வர்ற அன்னிக்கு எடுத்துடுவேன், அதனால உனக்குத் தெரியல. மேல வந்து மூக்கை நீட்டினா இன்னும் கேக்குதுன்னு நெனச்சேன். செத்ததெல்லாம் நான் ஊத்தின தண்ணியிலதான் செத்துச்சு."

குரல் சந்தையில் கேட்கும் அதே குரல்தான், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

ஹாபோ மறுபடி தொட்டியைப் பார்த்தான். ஒரு மீன் மேலே வந்து, காற்றை விழுங்கி, போனது. "காத்து" என்றான். "வயித்துல வச்சுக்கும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கல."

"கேட்டேன்! அதுங்க பழக்கம்னு சொன்ன!"

"ஆமா." அவன் யோசித்தான். "அது பத்தாது போல."

"பத்தாது ஹாபோ. பத்தவே பத்தாது. தண்ணியப் பாத்துக்கன்னா, என்னத்தப் பாக்கிறது? ஒரு கை குறைச்சு வைன்னு சொல்ல உனக்கு என்ன காசா செலவாகுது?"

"நீயும் ஊத்தினேன்னு சொல்லல."

"ஊத்தினதைச் சொல்லிக்காட்டுவாங்களா?"

அவனுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய் கோணியது. சிரிப்பு வெளியே வர நேரம் பிடித்தது, தூர்வாரும் கப்பல் அடிச்சேற்றைத் தூக்கி வருவதுபோல. வந்தபின் நிற்கவில்லை. ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹில்கெ சிரிக்கவில்லை. தேநீரை வடிகட்டினாள். கற்கண்டு 'படக்' என்றது.

முதல் கோப்பை. இரண்டாவது. மூன்றாவது. எதிரே மீன்கள் மணலில் மேகம் கிளப்பிக்கொண்டிருந்தன. கதவோரம் பெட்டி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. மாலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, நடந்தே போய்விடலாம். மூன்றாவது கோப்பையின் அடியில் இருந்த இனிப்பையும் குடித்து முடித்துவிட்டு ஹாபோ தட்டில் கையைத் துழாவினான். ஒன்றும் அகப்படவில்லை. நிமிர்ந்தான்.

"என் கரண்டி?"

"மீனுக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப போதும்னு நான் எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லு."

ஹில்கெ கெண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். ஊற்றவில்லை. காலிக் கோப்பைக்கு எதிரே கெண்டியோடு சும்மா நிற்பது அவள் கைக்கு முதல் அனுபவம். அவள் கெண்டியை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஹாபோ சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்தான். வளையத்தில் நகத்தை விட்டு நெம்பி, ஒரு சாவியை மட்டும் தனியாகக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "திங்கக்கிழமை போய்க் குடுத்துட்டு வரணும்" என்றான். "பெட்டி உன் வேனுக்கு ஆகும். ஐஸ் போட்டு வச்சுக்கலாம்." இப்படி மூன்று வாக்கியத்தைச் சேர்த்துப் பேசியதில் அவனுக்கே மூச்சு வாங்கியது. பிறகு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஊத்து" என்றான். வாயால்தான் சொன்னான்.

ஹில்கெ ஊற்றினாள். விளிம்புக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கெண்டியை நிமிர்த்தினாள்.